ஏழு நாள் இலவசம் முடிந்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சனிக்கிழமை இணைப்பிதழில் பன்னிரண்டு வாரம் வந்து, போன மாதம் முடிந்த இணையதளம் அமைக்கும் தொடரைப் பற்றி எழுதுகிறேன். எழுதியவர் நன்றாகவே எழுதினார். படங்கள் தெளிவு, நடை எளிமை. பயப்படாமல் அழுத்துங்கள், கணினி வெடித்துவிடாது என்று அவர் முதல் வாரம் சொன்னதை எங்கள் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குறை சொல்வதற்கென்றே உட்கார்ந்து எழுதும் கடிதம் இல்லை இது. ஆனால் குறை ஒன்று இருக்கிறது, அதை விழுங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் ரங்கூனில் இருக்கிறேன். வரைபடத்தில் யாங்கோன், எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னமும் ரங்கூன்தான். இந்த மண்ணில் நாங்கள் நாலாவது தலைமுறை. பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே பெஞ்சுகளில் கணினி வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் பதினோரு பேர், மடிக்கணினி மூன்று. வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், போனில் இரண்டும் கலந்து என்று வளர்கிற பிள்ளைகள். என்னை 'சயா' என்பார்கள். ஆசிரியருக்கு இங்கே அதுதான் சொல். தமிழில் கணினிப் பாடம் என்று எங்கள் கைக்கு வருவது அபூர்வம். அதனால் உங்கள் தொடரை வாரா வாரம் இறக்கி, அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுற்றுக்கு விட்டேன்.

தொடரை என்னைவிடக் கவனமாகப் படித்தவள் ஒரு பத்தொன்பது வயதுப் பெண். அவளுடைய அப்பாவுக்கு தெய்ன்ஜி சந்தையில் மசாலாக் கடை. எங்கள் பெரியவர்கள் அதைச் சூரத்தி பஜார் என்பார்கள். உங்கள் முதல் பாடத்தில் சொன்னபடியே ஒரு நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கினாள், ஏழு நாள் இலவசத்தில் கடைக்கு ஒரு பக்கம் செய்தாள். இழுத்து வைத்தால் படம், அழுத்தினால் நிறம். அழகாகத்தான் இருந்தது. அப்பா அதைப் பக்கத்துக் கடைக்காரர்களிடமெல்லாம் காட்டினார். எட்டாம் நாள் பக்கத்தைக் காணோம். அந்த இடத்தில் சந்தாக் கட்டச் சொல்லும் அறிவிப்பு வந்தது. கட்டலாம் என்றால் எங்கள் ஊர் வங்கி அட்டையை அந்தத் தளம் ஏற்கவில்லை. சரி, செய்ததையாவது வெளியே எடுத்து வைத்துக்கொள்வோம் என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. இருந்த ஒரே பிரதி, கடைசி நாள் அவள் போனில் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்தான்.

அடுத்த ஞாயிறு அவள் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "சயா, பன்னிரண்டு வாரம் என்ன படித்தேன்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எந்தப் பொத்தான் திரையில் எந்த மூலையில் இருக்கிறது என்று படித்திருந்தாள். அந்த நிறுவனம் நாளைக்குத் திரையை மாற்றி அமைத்தால் அதுவும் போச்சு. இணையப் பக்கம் என்பது எதனால் ஆனது, அதை யார் எழுதலாம், எங்கே வைக்கலாம் என்பதைப் பற்றித் தொடரில் ஒரு வரி இல்லை. இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் என்ற சொல் ஒன்பதாம் வாரம் ஒரே ஒருமுறை வருகிறது, அதுவும் 'இது தெரிய வேண்டியதில்லை' என்று சொல்வதற்காக.

அன்று நோட்பேடைத் திறக்கச் சொன்னேன். விண்டோஸ் உள்ள எந்தக் கணினியிலும் இருக்கிற அதே நோட்பேடுதான். கடையின் பெயர், என்னென்ன பொடி, விலை, போன் எண், திறந்திருக்கும் நேரம் என்று அவளே தட்டினாள். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, விலைப்பட்டியலுக்கு அட்டவணைக் குறி. சேமித்து பிரவுசரில் திறந்ததும் தமிழ் முழுவதும் குப்பையாக வந்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மூன்று மூன்று அடையாளங்கள், அவற்றில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட அந்த வணிகக் குறி வரிசை வரிசையாக. பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நான் வேண்டுமென்றேதான் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டிருந்தேன். இந்தக் கோப்பின் எழுத்துகள் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் சேமிக்கப்பட்டவை என்று பிரவுசருக்குச் சொல்கிற வரி அது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் எடுக்கும். அது தெரியாத பிரவுசர் மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிடுகிறது. வரியைச் சேர்த்தாள், தமிழ் வந்தது. மஞ்சள் என்று போட்டு அதன் கீழே பர்மியத்தில் 'நன்வின்' என்று போட்டாள். தமிழ்ச் சொல்லுக்கு மொழி 'டிஏ', பர்மியச் சொல்லுக்கு 'எம்ஒய்' என்று இரண்டு குறிப்பு. உரக்கப் படிக்கும் மென்பொருளுக்கும் தேடு பொறிக்கும் எது எந்த மொழி என்று இப்போது தெரியும்.

மொத்தம் நாற்பத்து மூன்று வரி. ஒரு வாட்ஸ்அப் படத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அன்று மாலை மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. ஜாப்யா என்ற செயலியில் போனிலிருந்து போனுக்கு அனுப்பினாள். இணையம் இல்லாமலே கோப்பு மாற்றிக்கொள்ள இங்கே எல்லாரும் வைத்திருப்பது அதுதான். அப்பாவின் பழைய போனில் பக்கம் திறந்தது. எட்டாம் நாளும் திறந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்பீர்கள். பர்மாவில் போன் வைத்திருந்த எல்லாருக்கும் இது கையைச் சுட்ட கதை. இங்கே ஜோஜி என்று ஒரு எழுத்துரு இருந்தது. பர்மியக் கதைகளில் ஜோஜி என்பவர் ரசவாதம் தெரிந்த சித்தர். 'யோகி' என்ற நம் சொல்தான் அப்படித் திரிந்தது. பெயருக்கேற்ற மாதிரி எழுத்துருவும் வித்தை காட்டியது. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கிற பொதுத் தரம் யூனிகோடு. பர்மிய எழுத்துக்கு 1999இலேயே அதில் இடம் கிடைத்துவிட்டது, 2008இல் அதைச் சீர்படுத்தினார்கள். ஆனால் எழுத்துகளைச் சேர்த்து வரையும் வசதி அன்றைய விண்டோஸில் பர்மியத்துக்கு இல்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அது கூடவே வந்தது. ஜோஜிக்கு அந்த வசதியே தேவைப்படவில்லை. ஒரே எழுத்தின் பல வடிவங்களைத் தனித்தனிக் குறியீடாக அடுக்கிவிட்டது. இடம் போதாதபோது, மோன், ஷான், கரேன் மொழிகளுக்கென்று யூனிகோடு ஒதுக்கிய இடங்களையும் எடுத்துக்கொண்டது. பர்மியம் படிப்பவனுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஷான் மொழியில் எழுதுகிறவன் திரையில் அவன் எழுத்துக்குப் பதில் ஏதோ பர்மியத் துண்டு வந்து நின்றது.

அப்புறம் 2014 வந்தது. அதுவரை லட்சக்கணக்கில் விற்ற சிம் அட்டை 1,500 சாட்டுக்கு வந்தது. கியாட் என்று நீங்கள் அச்சிடுவதை நாங்கள் சாட் என்போம். நாடு முழுவதும் ஒரே மூச்சில் போன் வாங்கியது, வந்த போன்களிலெல்லாம் ஜோஜி. எல்லாரிடமும் இருந்ததால் அதுவே தரம் என்று ஆகிப்போனது. யூனிகோடில் அனுப்பினால் ஜோஜிக்காரருக்குச் சிதறும், ஜோஜியில் அனுப்பினால் யூனிகோடுக்காரருக்குச் சிதறும். பல வருடம் ஒவ்வொரு அறிவிப்பையும் இரண்டு முறை எழுதினார்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கடைசியில் 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுவது என்று நாள் குறித்தார்கள். அந்த மாதங்களில் நானும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, கோயிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போனில் விசைப்பலகை மாற்றிக் கொடுத்தேன். ஒரு பாட்டி, பழைய செய்தியெல்லாம் செத்துப் போய்விடுமா என்று கேட்டார். இறந்துபோன மகன் அனுப்பியவை அவை. ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தோம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஜோஜி இலவசம். யாரும் அதற்குக் காசு வாங்கவில்லை. எனவே காசு கேட்பது கெட்டது, இலவசம் நல்லது என்கிற வாதம் இல்லை என்னுடையது. எல்லாரும் உட்கார்ந்து பேசி, எழுதி, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி வெளியிட்ட விதி ஒன்று இருக்கிறதா, என் கோப்பு அந்த விதிப்படி இருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறேன். விதியின்படி இருந்தால் நாளைக்கு வேறு யாராவது செய்த கருவியிலும் அது திறக்கும்.

தமிழர்களுக்கு இது புதிதும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 2008இல் ஒரு கோயிலுக்கு நானே இணையதளம் செய்து கொடுத்தேன். சென்னையிலிருந்து யாரோ கொண்டுவந்த குறுந்தகட்டில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைந்து காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துரு இருந்தது, அதில் தட்டினேன். என் கணினியில் பளிச்சென்று தமிழ். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பார்க்கச் சொல்லி ஒருவர் அனுப்பினார். அந்தப் பெண் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிற இடம் ஆங்கில விசைப்பலகையின் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா'வுக்கு நடுவில் ஒரு அரைப்புள்ளி நிற்கும்.

அதைவிட மோசம் நன்கொடையாளர் பட்டியல். பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னார்கள், கணினியிடம் விட்டேன். கோவிந்தன், சேகர், தேவகி, மோகன் எல்லாரும் ஒரே கூட்டமாகப் போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏனென்றால் பழைய எழுத்துருக்களில் கண்ணில் தெரிகிற வரிசையில்தான் தட்டுவோம். 'கோ' என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். கணினிக்கு அவர்கள் எல்லாருடைய முதலெழுத்தும் இரட்டைக் கொம்புதான், அதாவது பாமினியில் ஆங்கில 'என்'. தர்மகர்த்தா பட்டியலைப் பார்த்துவிட்டு, மோகன் எப்போது தம்பி கோவிந்தனுக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார் என்று கேட்டார். யூனிகோடில் 'க' முதலில், உயிர்க்குறி பின்னால். நாக்கு சொல்கிற வரிசையிலேயே கணினியும் வைத்துக்கொள்கிறது, முன்னால் வரைவதும் பின்னால் வரைவதும் திரையின் வேலை.

எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வசதி இருக்கிறது. பர்மிய எழுத்திலும் இதே கொம்பு உண்டு. 'தவேதோ' என்பார்கள். மெய்க்கு முன்னால் எழுதி, பின்னால் உச்சரிக்க வேண்டிய அடையாளம். ஜோஜியில் அதை முதலில் தட்ட வேண்டும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் அது சேமிக்கப்படும். கரும்பலகையில் தமிழ்க் கொம்பையும் தவேதோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "ரெண்டும் ஒரே திருட்டு சயா" என்றான். அந்த ஒரு பாடத்தை எந்த நிறுவனத்தின் பயிற்சிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இணையப் பக்கங்களிலும் அதே கதைதான். ஒருகாலத்தில் பன்சொடான் நடைபாதைக் கடைகளில் கணினிப் புத்தகம் தேடினால் பாதி, அசையும் படங்கள் செய்கிற ஃபிளாஷ் என்ற மென்பொருளைப் பற்றிய புத்தகமாக இருக்கும். அசையும் பக்கம் செய்யத் தெரிந்தவன்தான் இணையக் கலைஞன் என்ற பெயர் அப்போது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கு ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் அதில் செய்த எதுவும் ஓடாதபடி நிறுத்தினார்கள். தென்னாப்பிரிக்காவின் வருவாய்த் துறையில் சில வரிப் படிவங்கள் ஃபிளாஷிலேயே இருந்ததால், அவற்றைத் திறப்பதற்கென்றே அந்த மாதம் தனியாக ஒரு பிரவுசரை வெளியிட வேண்டி வந்தது. ஒரு அரசாங்கமே அந்த நிலைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்ன செய்யும்? இன்னொரு பக்கம் பாருங்கள். வலையைக் கண்டுபிடித்த செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30ஆம் தேதி, இதற்கு யாரும் உரிமைத்தொகை கட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அவர்களுடைய முதல் தளத்தின் 1992ஆம் ஆண்டுப் பிரதியை 2013இல் மறுபடி இணையத்தில் வைத்தார்கள். வகுப்பில் ஒரு மலிவான போனில் திறந்து காட்டினேன். தலைப்பு, பத்தி, நீல நிறத்தில் இணைப்புகள். முப்பது வருடத்துக்கு முந்தைய பக்கம், ஒரு கீறல் இல்லை. அந்தப் பெண் எழுதிய நாற்பத்து மூன்று வரியும் அதே குடும்பம்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் கட்டுரையாளர் என்னைத் தூய்மைவாதி என்பார். நாளைக்கே கல்யாண மண்டபத்துக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று வருகிறவரிடம் போய் எச்டிஎம்எல் பாடம் நடத்த மாட்டேன். இழுத்து வைக்கிற கருவிதான் அவருக்கு ஏற்றது. நானும் பயன்படுத்துகிறேன். பொதுத் தரத்திலும் ஓட்டை உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 'ஸ' வைத்து எழுதினோம், 2005இல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்த பிறகு அதை வைத்தும் எழுதலாம் என்று ஆயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு இரண்டும் வேறு. கோயில் பெயர்கள் பாதி ஸ்ரீயில்தான் தொடங்குகின்றன என்பதால் எங்களுக்கு அது தினசரித் தொல்லை. ஆனால் அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்க்க முடிகிறது, ஏன் அப்படி என்று பிள்ளைக்குச் சொல்ல முடிகிறது.

படிப்பதற்கு என்ன இருக்கிறது என்றால், ஃபயர்பாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லா 2005இல் தொடங்கிய எம்டிஎன் என்ற இணையக் கையேட்டுத் தளம் இருக்கிறது. 2017இல் மைக்ரோசாஃப்ட், கூகுள், சாம்சங் எல்லாம் தங்கள் ஆவணங்களைத் தனித்தனியாக எழுதுவதை விட்டு அதிலேயே சேர்ந்து எழுத ஒப்புக்கொண்டன. சந்தையில் வெட்டிக்கொள்கிறவர்கள் பாடப் புத்தகத்தில் சேர்ந்துகொண்டார்கள் என்றால் அதற்கு அர்த்தம் இருக்கும். பெயர் சொன்னால் நகலெடுக்கலாம், பகிரலாம் என்பது அதன் உரிமம். அதனால் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து பல வாரங்கள் இங்கே இரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் நின்றது, மார்ச்சில் போன் இணையமும் போனது. அப்போது எங்களுக்கு வகுப்பு நடந்தது அந்தப் பென்டிரைவை வைத்துத்தான். உள்ளே நுழையக் கணக்குக் கேட்கிற எந்தப் பாடமும் அந்த நாட்களில் திறக்கவில்லை. எம்டிஎன்னில் ஒரே குறை, பிரெஞ்சில் உண்டு, கொரிய மொழியில் உண்டு, தமிழில் இல்லை. எட்டுக் கோடிப் பேர் பேசுகிற மொழி என்று மேடையில் சொல்கிறோம். அந்த இடத்தைத்தான் உங்கள் தொடர் நிரப்பியிருக்கலாம்.

தொடர் புத்தகமாக வரப்போகிறது என்று கடைசி வாரம் போட்டிருந்தீர்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். முதல் நாலு அத்தியாயத்தை நோட்பேடில் நடத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தின் கருவியை வேண்டுமானாலும் காட்டட்டும், ஆனால் இது இன்ன நிறுவனத்தின் கருவி, மாதம் இவ்வளவு, செய்ததை வெளியே எடுக்கலாமா முடியாதா என்பதை அத்தியாயத்தின் தலையிலேயே போடச் சொல்லுங்கள். மாதிரிக் கோப்புகளைத் தனியாக இறக்கிக்கொள்ள வையுங்கள். இன்னொன்று, புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் 'எப்பகுதியையும் நகலெடுக்கக் கூடாது' என்று வழக்கமாகப் போடுவீர்களே, அந்த இடத்தில் வகுப்புக்காக நகலெடுக்கலாம், பிற மொழியில் பெயர்க்கலாம் என்று ஒரு வரி போட முடிந்தால் பர்மிய மொழிபெயர்ப்பை நாங்களே செய்துகொள்கிறோம். மசாலாக் கடைப் பெண் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

இந்தக் கடிதத்தை யூனிகோடில் தட்டியிருக்கிறேன். போன வருடம் பொங்கல் பற்றி நான் எழுதியதை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் உங்கள் அச்சு மென்பொருளுக்கு மாற்றியபோது ஒரு கால் எங்கோ விழுந்து, அது மூன்று இடத்தில் 'பெங்கல்' ஆகிவிட்டது. இந்தமுறை கோயில், கோப்பு, கோவிந்தன் மூன்றையும் மட்டுமாவது பக்கம் கட்டுகிறவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் மின்சாரம் போக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைக் கணினி ஆசிரியர் ஒருவர்,
ரங்கூன்.